ஏஸ் மலைக்கிராமத்தைச் சுற்றி ஒரு நாள் நடை: எந்த வட்டம் யாருக்குப் பொருந்தும்?

பிரான்சின் தெற்குக் கடற்கரையில், நீஸ் நகருக்கும் மொனாக்கோவுக்கும் நடுவே, கடலோரத்திலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் சுண்ணாம்புப் பாறையின் தலையில் இருக்கிறது ஏஸ். பாறை உச்சி 429 மீட்டர். அங்கே ஒரு கோட்டை இருந்தது. பதினான்காம் லூயியின் ஆணைப்படி 1706இல் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். கோட்டைக்குக் கீழே சுருண்டு கிடக்கும் இடைக்காலத் தெருக்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. சுற்றுலாப் பேருந்தில் வந்து இறங்கி ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டுப் போகிறவர்களே இங்கே அதிகம். நடந்து வருகிறவர்களுக்கு இந்த ஊர் வேறு முகம் காட்டும். ஆனால் எந்த வழியில் நடப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கடலுக்கு இணையாக, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சாலைகள் மலையைச் சுற்றி ஓடுகின்றன. கீழே கடலையொட்டி பாஸ் கோர்னீஷ். ரயில் பாதையும் அதை ஒட்டியே போகிறது. கிராமத்தின் காலடியில் மொயென் கோர்னீஷ். அதற்கும் மேலே, முகட்டை நெருங்கி கிராந்த் கோர்னீஷ். இந்தக் கட்டுரையில் கீழ்ச்சாலை, நடுச்சாலை, மேல்சாலை என்றே சொல்லிவிடலாம். மேல்சாலையையும் தாண்டி ஏறினால் 696 மீட்டரில் ரெவேர் கோட்டை. ஆக, ஏஸ் என்பது மலையுச்சி ஊர் என்று பெயரெடுத்திருந்தாலும் உண்மையில் அது மாடிப்படியின் நடுத் திண்ணைதான். கடலிலிருந்து அதற்கு ஏறக்குறைய 380 மீட்டர் ஏற்றம். அதிலிருந்து முகட்டுக்கு இன்னொரு 300 மீட்டர். எந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டு படிக்கட்டுகளில் எதை ஏறுவது, எதை இறங்குவது, எதை வண்டிக்கு விடுவது?

இணையத்தில் கிடைக்கும் நேரக் கணக்குகள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஒருவர் முக்கால் மணி என்பார், இன்னொருவர் இரண்டு மணி என்பார். ஜெர்மானிய மலைப்பாதைப் பலகைகளில் பயன்படும் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் கணக்கிட வேண்டும். இரண்டில் பெரியதை முழுசாக எடுத்துக்கொண்டு சிறியதில் பாதியைச் சேர்க்க வேண்டும். கடலோர ரயில் நிலையத்திலிருந்து கிராமம் வரை சுமார் 2.1 கிலோமீட்டர், அதற்கு அரை மணிக்குச் சற்று மேல். 380 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றேகால் மணி. ஒன்றேகாலுடன் கால் மணி சேர்த்தால் ஒன்றரை மணி. நிதானமாக நடக்கிற, மலைப் பழக்கம் சுமாராக இருக்கிற ஆளுக்கு இதுதான் சரியான நேரம். கீழே வரும் எல்லா நேரமும் இந்தக் கணக்கில் வந்ததே. ஓய்வு, சாப்பாடு, படம் பிடிப்பது எதுவும் இதில் சேராது.

கடலிலிருந்து கிராமத்துக்கு: நீட்சே பாதை

எல்லோருக்கும் தெரிந்த பாதை இது. 1880களில் குளிர்காலங்களை நீஸில் கழித்த தத்துவவாதி நீட்சே, இந்த ஏற்றத்தை நடந்தபடியே தன் நூலின் ஒரு பகுதியை மனத்தில் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் இந்தப் பெயர். ஏஸ்-சுர்-மேர் என்ற ரயில் நிலையத்தில் இறங்கிக் கீழ்ச்சாலையைக் கடந்தால் பலகை இருக்கும். நீஸின் பெரிய நிலையத்திலிருந்து டிஇஆர் ரயிலில் கால் மணி நேரம்தான். ஒரு எச்சரிக்கை: 'ஏஸ்' என்று பயணச்சீட்டு வாங்கி ரயிலில் வருகிறவர் இறங்குவது கடலோரத்தில், கிராமம் தலைக்கு மேலே இருக்கும். மேலே போக உள்ளூர்ப் பேருந்து 83 உண்டு, ஆனால் அது அடிக்கடி வருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியும் கையுமாக நிலையத்தில் விழித்துக்கொண்டு நிற்பவர்களை எல்லாப் பருவத்திலும் பார்க்கலாம்.

பாதையின் முதல் பகுதி ஏமாற்றம் தரும். வீடுகளின் மதில்களுக்கு இடையே சிமென்ட் சரிவும் படிகளுமாகப் போகும். செங்குத்தாக இருப்பதால் மூச்சு இங்கேதான் முதலில் வாங்கும். பலர் இந்தப் பத்து இருபது நிமிடத்திலேயே வேகமாக ஏறிச் சோர்ந்துவிடுகிறார்கள். மெதுவாகப் போங்கள். மதில்கள் முடிந்த பிறகு மண்ணும் கல்லுமான உண்மையான மலைப்பாதை வருகிறது. அலெப்போ பைன் மரங்கள், முட்புதர்கள், இடிந்த பழைய சுவர்கள். இடது புறம் திரும்பிப் பார்த்தால் காப் ஃபெரா தீபகற்பம் கடலுக்குள் நீண்டு கிடப்பது தெரியும். கடைசிப் பகுதி வளைந்து வளைந்து ஏறும். அங்கே சரளைக்கல் அதிகம். பாதை கிராமப் பாறைக்கு மேற்குப் பக்கப் பள்ளத்தில் ஏறுவதால், காலையில் பாறையின் நிழல் கொஞ்ச நேரம் துணைக்கு இருக்கும். பத்து மணிக்கு மேல் அந்தச் சலுகை குறைந்துகொண்டே போகும். பைன் மரங்கள் தரும் நிழலை நம்ப முடியாது. வழியில் தண்ணீர் கிடையாது. கடையும் கிடையாது.

இதே பாதையைப் பேருந்தில் மேலே போய்விட்டு இறங்குவதற்குப் பயன்படுத்துகிறவர்களே அதிகம். சுலபம் என்று தோன்றும். அந்தத் தேர்வைப் பரிந்துரைக்க முடியாது. காரணம் எளிது: சுண்ணாம்புக்கல் பல்லாயிரம் செருப்புகள் உரசி வழவழப்பாகியிருக்கிறது, அதன்மேல் கோலிக்குண்டு அளவுச் சரளை பரவிக் கிடக்கிறது. ஏறும்போது உடலின் எடை முன்னால் விழுவதால் கால் வழுக்கினாலும் கையை ஊன்றி நின்றுவிடலாம். இறங்கும்போது குதிகால் சறுக்கினால் நேராகப் பின்புறம் தரையில் விழவேண்டியதுதான். ஒரு மணி நேரத்தில் 380 மீட்டர் இறங்குவது முழங்காலுக்கும் தொடைத் தசைக்கும் பெரிய சுமை. வலி அன்று தெரியாது, மறுநாள் படியிறங்கும்போது தெரியும். மழை பெய்த மறுநாள் இறங்கவே வேண்டாம். கட்டாயம் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு ஊன்றுகோல், பல்லுள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, அவசரமில்லாத மனசு மூன்றும் வேண்டும்.

இந்தத் தேர்வை ஒரு வட்டம் என்று சொல்ல முடியுமா? ஏறுவது நடை, திரும்புவது வண்டி. நீஸ் நகரத்தையே தொடக்கமும் முடிவுமாக வைத்துக்கொண்டால் வட்டம்தான். கிராமத்தின் காலடியிலுள்ள நிறுத்தத்திலிருந்து பேருந்து 82 நேராக நீஸின் வோபான் நிறுத்தத்துக்குப் போகிறது. அங்கிருந்து டிராம் 1 நகர மையத்துக்கு. அரை நாளில் முடிந்துவிடும். நடை ஒன்றரை மணி, கிராமம் ஒன்றரை மணி.

கிராமத்திலிருந்து ரெவேர் வட்டம்

நடப்பதற்காகவே வருகிறவர்களுக்கு இதுதான் நல்ல பகுதி. ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேருந்து 82இல் கிராம நிறுத்தம் வரை வந்து, கூட்டம் போகிற திசைக்கு எதிராக, நடுச்சாலையின் மேல்புறத்தில் ஏற வேண்டும். முதலில் குடியிருப்புச் சாலை, பிறகு காட்டுப்பாதை. மேல்சாலையைக் கடந்த பிறகு மரங்கள் குட்டையாகி, தைம், ரோஸ்மேரி மணக்கும் புதர்க்காடு. அதன்மேல் ரெவேர் கோட்டை. வட்டம் முழுக்க 6 முதல் 7 கிலோமீட்டர்; 300 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். கணக்குப் போட்டால் இரண்டரை மணி வாக்கில் வரும்.

கோட்டை 1870களின் கடைசியில் கட்டத் தொடங்கியது. பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு பிரான்ஸ் தன் எல்லை நெடுக எழுப்பிய கோட்டை வரிசையில் ஒன்று இது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர்க்கைதிகளை இங்கே அடைத்து வைத்திருந்தார்கள். 1942இல் பலர் இங்கிருந்து தப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தாலே போதும், காட்சிக்காக வருகிற இடம் இது. தெற்கே கிராமப் பாறை காலடியில் தெரியும். கீழிருந்து அண்ணாந்து பார்த்த அதே ஊரை இங்கிருந்து குனிந்து பார்க்கிறோம். வடக்கே மெர்கான்தூர் மலைத்தொடர். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனி மூடியிருக்கும். காற்று துப்புரவாக இருக்கும் குளிர்காலக் காலை நேரங்களில் தொடுவானத்தில் கோர்சிகா தீவின் மலைகள் தெரிவதுண்டு. கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்கள் பிரிக்க வேண்டிய இடமும் இதுதான்.

திரும்பும்போது வந்த வழியிலேயே வராமல் மேற்கே ஏஸ் கணவாய்ப் பக்கம் முகட்டில் நடந்து, அங்கிருந்து கிராமத்தை நோக்கி இறங்கினால் வட்டம் முழுமையாகும். செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வு குறைந்த பக்கத்தில் இறங்குவது என்ற பொது விதி இங்கும் பொருந்தும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, மேல்சாலையைக் கடக்கும் இடம். பந்தய சைக்கிள்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் விரும்பி ஓட்டும் சாலை அது. வளைவில் சத்தமே இல்லாமல் சைக்கிள் வந்து நிற்கும். வளைவைத் தள்ளி, இரு பக்கமும் பார்வை கிடைக்கிற இடத்தில் கடக்க வேண்டும். மார்ச்சில் பாரிஸ்-நீஸ் சைக்கிள் பந்தயம் இந்தக் கணவாய் வழியே போவதுண்டு. அந்த வார இறுதியில் சாலை மூடலும் பேருந்து மாற்றமும் இருக்கும். இரண்டாவது, முகட்டில் பாதைகள் பல திசையிலும் பிரியும். தீயணைப்பு வண்டிகளுக்கான அகலப் பாதை நடக்கச் சுகமாக இருக்கிறதே என்று அதையே பிடித்துக் கிழக்கே போனால், வட்டத்தை விட்டு லா துர்பி ஊர்ப் பக்கம் போய்விடுவீர்கள்.

லா துர்பி போவதே திட்டம் என்றால் வேறு. கி.மு. 6ஆம் ஆண்டில் அகஸ்டஸ் பேரரசரின் வெற்றிக்காக எழுப்பிய நினைவுத் தூணின் எச்சம் அங்கே இருக்கிறது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது வட்டமல்ல, நேர் நடை. அங்கிருந்து திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

முழு வட்டமும், அதை வெட்டிச் சுருக்குவதும்

கடலிலிருந்து கிராமம், கிராமத்திலிருந்து ரெவேர், அங்கிருந்து திரும்பக் கிராமம், மறுபடி நீட்சே பாதையில் கடல். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர், 680 மீட்டர் ஏற்றம், 680 மீட்டர் இறக்கம், நடை மட்டும் ஐந்து மணி. காகிதத்தில் அழகாக இருக்கிறது. மலைப் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை. மிதமான நடை தேடுகிறவருக்கு இதிலுள்ள சிக்கல், மிகக் கடினமான இறக்கம் மிகக் களைத்த நேரத்தில் வருகிறது என்பதுதான். கால் தடுக்கி விழுவது பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்தில்.

அதனால் கடைசித் துண்டை வெட்டிவிடுவதே புத்திசாலித்தனம். ரயிலில் ஏஸ்-சுர்-மேர் வந்து, நீட்சே பாதையில் ஏறி, ரெவேர் வட்டத்தை முடித்து, கிராமத்திலிருந்து 82இல் நீஸ் திரும்புவது. சுமார் எட்டரை கிலோமீட்டர், நான்கு மணி நடை. ஏற்றம் 680 மீட்டர்தான், குறையவில்லை. ஆனால் இறக்கம் பாதிக்கும் கீழே, 300 மீட்டருக்கு வந்துவிடுகிறது. இறக்கத்தில் முழங்கால் வலிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்தக் கடற்கரையில் கிடைப்பது அரிது. ஒரு நாள் மட்டுமே கையில் இருப்பவருக்கு எங்கள் தேர்வு இதுதான்.

இதற்கு இன்னொரு பலமும் உண்டு, அதுதான் முக்கியம். இரண்டு ஏற்றங்களுக்கும் நடுவில் கிராமம் வருகிறது. அங்கே பேருந்து இருக்கிறது, கடை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. முதல் படிக்கட்டு எப்படிப் போனது என்று பார்த்துவிட்டு, இரண்டாவதை ஏறலாமா வேண்டாமா என்று அங்கே உட்கார்ந்து தீர்மானிக்கலாம். காலில் கொப்புளம் வந்திருந்தால், மேகம் கறுத்திருந்தால், குழந்தை அழுதால் 82இல் ஏறி நீஸுக்குப் போய்விடலாம். அரை நாள் நடை எப்படியும் கைவசம். முகட்டில் தொடங்கும் வட்டங்களிலோ, பேருந்து அரிதான உள்நாட்டு ஊர்களிலோ இந்த வசதி இல்லை.

குடும்பமாக வருகிறவர்களுக்கும் இது ஒத்துவரும். அம்மா அப்பா, மாமியார் என்று பெரியவர்கள் கூட இருந்தால், அவர்கள் வோபானிலிருந்து 82இல் வரட்டும், நடக்கிறவர்கள் ரயிலில் வந்து ஏறலாம். கிராமத்தின் பழைய வாசலில் எல்லோரும் சந்திக்கலாம். பேருந்துக்கு அரை மணி, நடைக்கு ஒன்றரை மணி என்பதால் பெரியவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் போதும். ஆனால் ஊருக்குள் வண்டி வராது, தெருக்கள் முழுக்கக் கூழாங்கல் பதித்த ஏற்றமும் படிகளும். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ உள்ளே செல்லாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுச்சாலைப் பக்கத்துக் கடைகளும் மஞ்சள் முகப்புத் தேவாலயம் வரையிலான தூரமும் போதும்.

கிராமத்தை எப்போது பார்ப்பது

வில்ஃபிரான்ஷ், மொனாக்கோ துறைமுகங்களில் பெரிய கப்பல் நிற்கிற நாட்களில், காலை பத்தரையிலிருந்து நான்கு வரை இந்தத் தெருக்களில் இருவர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் பத்துக்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுங்கள். எட்டே காலுக்கு ஏஸ்-சுர்-மேரில் இறங்கி நடந்தால் இது முடியும். 1306இல் கட்டிய திருச்சிலுவைச் சிற்றாலயம் ஊரின் மிகப் பழைய கட்டடம். உச்சியில், கோட்டை இடிபாடுகளைச் சுற்றி 1949இல் அமைத்த கள்ளிச்செடித் தோட்டம் இருக்கிறது, கட்டணம் உண்டு. ரெவேருக்கு ஏறப்போகிறவர்கள் காட்சிக்காக மட்டும் அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, மேலே இலவசமாக அதைவிட அகலமாகவே தெரியும். செடிகளில் ஆர்வம் இருந்தால் மட்டும் போகலாம்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு சொல்: கிராமத்தின் காலடி நிறுத்துமிடம் சிறியது, கோடையில் காலையிலேயே நிரம்பிவிடும். ரெவேர் பக்கம் மேல்சாலையில் நிறுத்திவிட்டு வட்டத்தை மேலிருந்து தொடங்கலாம்தான். ஆனால் அப்போது இறக்கம் முதலிலும் ஏற்றம் கடைசியிலும் வரும். வெயில் நாளில் அது தவறான வரிசை.

போட்டிக்கு நிற்கும் இன்னொரு தேர்வு: சாந்த் அன்யேஸ், கோர்பியோ

ஏஸின் கூட்டம் பிடிக்காதவர்கள் கிழக்கே மாந்தோன் நகருக்குப் பின்னாலுள்ள மலைகளைப் பார்க்கலாம். சாந்த் அன்யேஸ் கடலிலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில், ஒரு பெரும் பாறைச் சுவரின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைக்கால ஊர். மேலே பழைய கோட்டையின் இடிபாடும் அதற்குள் ஒரு தோட்டமும். ஊரின் பாறைக்குள்ளேயே 1930களில் குடைந்த மாஜினோ வரிசைக் கோட்டையும் (பிரான்ஸ் தன் எல்லையில் எழுப்பிய பாதுகாப்பு அரண்களில் ஒன்று) இருக்கிறது. கோர்பியோ கீழே 360 மீட்டரில். ஊர்ச் சதுக்கத்தில் 1713இல் நட்ட எல்ம் மரம்.

இரண்டுக்கும் நடுவே பழைய கழுதைப் பாதை இருக்கிறது. மாந்தோனிலிருந்து பேருந்தில் சாந்த் அன்யேஸ் போய், புனித செபஸ்தியான் சிற்றாலயம் வழியாகக் கோர்பியோவுக்கு நடந்து இறங்கி, அங்கிருந்து பேருந்தில் மாந்தோன் திரும்பினால் ஒன்றரை மணி நடை, பெரும்பாலும் இறக்கம். உடம்பு வணங்க வேண்டுமென்றால் திசையை மாற்றிக் கோர்பியோவிலிருந்து ஏறலாம்: 400 மீட்டர் ஏற்றம், இரண்டு மணிக்குள். பாதை நீட்சே பாதையைவிட நிழலும் அமைதியும் கொண்டது. அழகில் இரண்டு ஊரும் ஏஸுக்குக் குறைந்தவையல்ல; சாந்த் அன்யேஸின் உச்சியிலிருந்து தெரியும் கடல் ஏஸில் தெரிவதைவிடப் பெரியது.

பிறகு ஏன் ஏஸ் முதலிடம்? பேருந்துதான் காரணம். இந்த இரண்டு ஊர்களுக்கும் நாளொன்றுக்குச் சில பேருந்துகள் மட்டுமே. ஞாயிறும் விடுமுறை நாட்களும் இன்னும் மோசம். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை சதுக்கத்தில் உட்கார வேண்டும், அல்லது பள்ளத்தாக்கு வழியே மாந்தோன் வரை இறங்க வேண்டும். கோர்பியோவிலிருந்து மாந்தோனுக்கு நடக்க முடியும்தான், ஆனால் அது திட்டமிடாத 360 மீட்டர் இறக்கம். போகும் பேருந்து, திரும்பும் பேருந்து, அதற்கு முந்தையது ஆகிய மூன்றின் நேரத்தையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்கிறவருக்கு மட்டும் இந்தத் தேர்வு. மாந்தோனில் தங்கியிருப்பவருக்கு எதிர்மாறாக, இதுவே முதலிடம்.

கொண்டுபோக வேண்டியவையும் கெட்டுப்போகிற இடங்களும்

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இரண்டு. கிராமத்தில் மறுபடி நிரப்பிக்கொள்ளாமல் ரெவேருக்கு ஏறாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் தெற்கு நோக்கிய இந்தச் சுண்ணாம்புச் சரிவு அடுப்புக்கல். எட்டு மணிக்குள் தொடங்க முடியாவிட்டால் அன்று கடலில் குளிக்கப் போகலாம். நல்ல மாதங்கள் மார்ச் முதல் மே வரை, பிறகு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். இலையுதிர் காலத்தில் மத்திய தரைக்கடல் மழை வந்தால் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பிரெஞ்சு வானிலைத் துறையின் எச்சரிக்கை வரைபடத்தில் மாவட்டம் ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டால் நடையைத் தள்ளிப்போடுங்கள். பாறைச் சரிவு, காட்டுத்தீ அபாயம் காரணமாக நீட்சே பாதையை மூடுவதும் உண்டு. கீழே கயிறு கட்டி அறிவிப்பு ஒட்டியிருந்தால் தாண்டிப் போக வேண்டாம். ரயிலில் நீஸ் திரும்பி 82ஐப் பிடிப்பதுதான் மாற்று. கிளம்புமுன் ஏஸ் நகராட்சியின் தளத்தைப் பார்த்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

கீழே பனியன் போதும் என்று தோன்றுகிற நாளில்கூட ரெவேர் முகட்டில் காற்று அடித்தால் வேர்வை ஊறிய சட்டை உடம்போடு ஒட்டிக் குளிரும். காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்றைப் பையின் அடியில் வைத்திருப்பது நல்லது. காலணிக்குக் கணுக்கால் உயரம் அவசியமில்லை. அடிப்பாகத்தில் பிடிமானம்தான் அவசியம். வழுவழுத்த அடி கொண்ட நகரத்துச் சப்பாத்து, ஹவாய் செருப்பு இரண்டும் நீட்சே பாதையில் ஆபத்து.

வரைபடம் வேண்டுமென்றால் பிரெஞ்சு அரசு வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 3742 ஓடி தாள் நீஸிலிருந்து மாந்தோன் வரை மேலே சொன்ன எல்லாப் பாதையையும் காட்டும். சந்திப்புகளில் எண்ணிட்ட மரக்கம்பங்கள் நிற்கும். கம்பத்தின் எண்ணைத் தாளில் ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று உடனே தெரியும். மஞ்சள் கோடு உள்ளூர்ப் பாதை, வெள்ளை சிவப்புக் கோடு நெடும்பாதை; எந்த நிறமானாலும் பெருக்கல் குறி போட்டிருந்தால் அது தவறான வழி. இந்தக் கோட்டுக் குறிகளைப் பார்த்து நடந்துகொண்டிருக்கையில் ஐந்து நிமிடமாக ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள்.

கைபேசி வரைபடத்தை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. இந்தச் சரிவுகளில் கைபேசி தானாகவே மொனாக்கோ அலைவரிசையைப் பிடித்துவிடுவதுண்டு. ரோமிங் கட்டணம் யூரோக் கணக்கில் ஏறிவிடும். லண்டன் சிம்மானாலும் பாரிஸ் சிம்மானாலும் உங்கள் திட்டத்தில் மொனாக்கோ சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வலையமைப்பைக் கைமுறையாகப் பிரெஞ்சு நிறுவனத்தில் நிறுத்திவைத்து, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். அவசர எண் 112, எந்த அலைவரிசையிலும் கட்டணமின்றி வேலை செய்யும்.

ரயில் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தால் நீட்சே பாதைக்குக் கீழிருந்து போகவும் வழி இருக்கிறது. கீழ்ச்சாலையில் நீஸ் மொனாக்கோ பேருந்து ஏஸ்-சுர்-மேரில் நிற்கும். கோடையில் அது நிரம்பி வழியும், நிறுத்தத்தில் நிற்காமலும் போகும். நீஸ் துறைமுகத்தில், அது கிளம்பும் இடத்திலேயே ஏறிக்கொள்வது நல்லது.

கடைசியாக நேரம். காலை 8 மணி வாக்கில் நீஸில் ரயில், பத்துக்குள் கிராமம், பதினொன்றேகாலுக்கு ரெவேருக்கு ஏற்றம், பன்னிரண்டரை வாக்கில் முகட்டில் சாப்பாடு, இரண்டரை மூன்றுக்குள் மறுபடி பேருந்து நிறுத்தம். மாலைப் பேருந்துகளில் ஊரைப் பார்த்துத் திரும்பும் கூட்டம் மொத்தமாக ஏறும், அதற்கு முந்தியதைப் பிடிப்பது நல்லது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் கிராமத்தை விட்டு மேலே ஏறுவதற்குக் கடைசி நேரம் பகல் 1 மணி. அதைத் தாண்டிவிட்டால் ரெவேரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு 82இல் ஏறிவிடுங்கள்.